மலையும் ராகி வயலும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியது)



"கேமராவும் கையுமா அலையிறியே, அதைப் பத்தியே பேசிடு" என்று செயலாளர் சொல்லிவிட்டார். பத்து நிமிஷம்தான் தந்திருக்கிறார். அதனால் ஒரே ஒரு விஷயம். இயற்கைக் காட்சியில் கிட்ட இருப்பதும் எட்ட இருப்பதும் சேர்ந்து தெளிவாக விழுவது எப்படி?

என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1986-ல் ஓசூரை ஒட்டிய எங்கள் ராகி வயலில் ஒரு படம் எடுத்தேன. பின்னால் தூரத்தில் சந்திரசூடேஸ்வரர் மலை. முன்னால் பத்தடியில் அப்பா. 50 மில்லிமீட்டர் லென்ஸ், துவாரம் எஃப் 4. ஃபோகஸை மலைமேல் வைத்தேன். பிரிண்ட் வந்தது. மலைமேல் கோயில் பளிச்சென்று தெரிகிறது. அப்பா முகம் புகை மாதிரி. "பரவால்லப்பா, கோயில் நல்லா வந்திருக்கே" என்றார். இன்று அவர் இல்லை. வயல் இருந்த இடத்தில் தொழிற்சாலைக் காம்பவுண்டுச் சுவர். அந்த வயலில் அவர் நிற்கிற படம் அது ஒன்றுதான்.

எங்கே தப்பு? லென்ஸ் ஒரே ஒரு தூரத்தைத்தான் மிகச் சரியாகப் பிடிக்கும். அதற்கு முன்னும் பின்னும் கொஞ்ச தூரம் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும். அதுதான் குவிய ஆழம். துவாரத்தைச் சிறிதாக்கினால் அது கூடும். நான் மலையில் ஃபோகஸ் வைத்ததால், மலைக்குப் பின்னால் கிடைத்த ஆழமெல்லாம் வீண்!

எஃப் 16-க்கு மாற்றி, 17 அடியில் ஃபோகஸ் வைத்திருந்தால், எட்டரை அடியிலிருந்து மலை வரைக்கும் தெளிவாக வந்திருக்கும். அப்பாவும் அதற்குள் வந்திருப்பார். இந்த 17 அடிக்கு ஹைப்பர்ஃபோகல் தூரம் என்று பெயர். அதில் பாதித் தூரத்திலிருந்து அடிவானம் வரை தெளிவு கிடைக்கும். 28 மில்லிமீட்டர் லென்ஸில், எஃப் 11 வைத்தால், 8 அடியில் ஃபோகஸ் போதும். 4 அடியிலிருந்து எல்லாம் விழும். இது 35 மில்லிமீட்டர் ஃபிலிமுக்கும் அதே அளவு சென்சார் உள்ள டிஜிட்டல் கேமராவுக்கும் உள்ள கணக்கு. பெரிய பிரிண்ட் போடுவதென்றால் துவாரத்தை இன்னும் ஒரு ஸ்டாப் குறையுங்கள்.

இதற்கு விலை உண்டு. எஃப் 4-லிருந்து எஃப் 16-க்குப் போனால் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்குதான். 250-ல் ஒரு வினாடி போதும் என்ற இடத்தில் 15-ல் ஒரு வினாடி வேண்டும். கை ஆடிவிடும். டிரைபாட் இல்லையா? பைக் சீட்டில் துணியைச் சுருட்டி வைத்து அதன்மேல் கேமராவை வையுங்கள். பட்டனை விரலால் அழுத்தாமல் டைமரில் விடுங்கள். காற்றில் ராகிக் கதிர் ஆடினால் ஓயும்வரை காத்திருங்கள். எஃப் 22-க்குப் போகவே வேண்டாம். துவாரம் மிகச் சிறுத்தால் ஒளி சிதறி மொத்தப் படமும் மங்கும். மலை மங்கலாகத் தெரிந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள். புழுதியும் புகையும்தான் காரணம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள்.

நண்பர்களே, ஊருக்குப் போகிறபோது உங்கள் வயலை, தோப்பை, அங்கே நிற்கிற பெரியவர்களை ஒரு படம் எடுத்து வையுங்கள். மலை அங்கேயேதான் இருக்கும். கிட்ட நிற்கிறவர் முகம் தெளிவாக விழுகிறதா என்று முதலில் பாருங்கள்.