கடைசி இன்னிங்ஸுக்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு?

பேஸ்பாலில் தொடக்கப் பிட்சர் களைத்ததும் மாற்றாக வருபவர் ரிலீவர். இவர் உழைப்பைக் காட்ட அமெரிக்காவில் நெடுங்காலம் தனிக் கணக்கு இல்லை. 1959-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ரிலீவர் எல்ராய் ஃபேஸ் 18 வெற்றி, ஒரே தோல்வி என்று புகழ்பெற்றார். சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மனுக்கு அது உறுத்தியது. கையிலிருந்த முன்னிலையை ஃபேஸ் கோட்டைவிட்ட ஆட்டங்களிலும், சக வீரர்கள் பிறகு ரன் எடுத்து மீட்டதால், வெற்றி அவர் பெயரிலேயே ஏறியிருந்தது. அதற்கு மாற்றாக ஹோல்ட்ஸ்மன் வகுத்த ‘சேவ்’ 1969-இல் அதிகாரபூர்வமானது.

நோக்கம் நியாயம்தான், ஆனால் மருந்திலும் அதே நோய் இருக்கிறது. சேவ் கிடைக்க, வென்ற அணியின் கடைசிப் பிட்சராக இருந்தாக வேண்டும். மூன்று ரன் முன்னிலையில் வந்து ஒரு இன்னிங்ஸை முடித்தால் போதும். எட்டாவது இன்னிங்ஸில், ஒரே ரன் முன்னிலையில், மூன்று பேஸிலும் எதிரணியினர் நிற்கும்போது வந்து மூவரை அவுட்டாக்கியவருக்கோ ‘ஹோல்ட்’ என்ற ஆறுதல் எண்தான். 1986-இல் பிறந்த அதற்கு இன்றுவரை அதிகாரபூர்வ அந்தஸ்து இல்லை. விதியில் இன்னொரு வாசலும் உண்டு. கடைசி மூன்று இன்னிங்ஸை வீசியவருக்கு முன்னிலை எவ்வளவாக இருந்தாலும் சேவ் தரலாம். 2007-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 30–3 என்று பால்டிமோரை நொறுக்கிய ஆட்டத்தில் வெஸ் லிட்டில்டனுக்கு அப்படித்தான் ஒன்று கிடைத்தது. அவர் எதைக் காப்பாற்றினார் என்று கேட்கக் கூடாது!

தவறான எண் ஏட்டில் கிடந்தால் பாதகமில்லை. அது மேலாளரின் முடிவையே ஆளத் தொடங்குவதுதான் சிக்கல். 2016-இல் டொரோண்டோவில் நடந்த வைல்டு கார்டு ஆட்டம். தோற்றால் பால்டிமோருக்கு அந்த ஆண்டே முடிந்தது. அணியின் ஸாக் பிரிட்டன் அந்தப் பருவத்தில் 47 வாய்ப்பிலும் 47 சேவ் எடுத்தவர். ஆட்டம் 2–2 என்று இழுத்துக்கொண்டு போக, முன்னிலை கிடைத்த பிறகு இறக்கலாம் என்று மேலாளர் பக் ஷோவால்டர் அவரைக் காக்கவைத்தார். பதினோராவது இன்னிங்ஸில் பால்டிமோரின் உபால்டோ ஹிமேனஸ் வீசிய பந்தை டொரோண்டோவின் எட்வின் என்கார்னசியோன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். பிரிட்டன் ஒரு பந்துகூட வீசவில்லை.

கடைசி மூன்று அவுட்டின் அழுத்தம் தனி என்பார்கள். மறுக்கவில்லை; 652 சேவ் எடுத்த மரியானோ ரிவேராவைச் சாதாரணர் என்று யார் சொல்வார்? ஆனால் அந்த அழுத்தத்தைச் சேவ் அளப்பதில்லை. ரிவேராவின் ஒரு ரன் முன்னிலையும் மூன்று ரன் முன்னிலையும் அதில் ஒன்றுதான். எப்போது அழைப்பு வரும் என்று தெரிந்தால் பிட்சர் நிதானமாகத் தோளைத் தயார்செய்யலாம் என்ற வாதம் இதைவிட வலுவானது. நீண்ட பருவத்தில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அது வேலையைப் பங்கிடும் வசதி, திறமைக்கான அளவுகோல் அல்ல. ஒவ்வொரு பேட்டரின் முடிவிலும் அணியின் வெற்றி வாய்ப்பு எவ்வளவு கூடியது, குறைந்தது என்று கணக்கிடும் முறை இன்று இருக்கிறது. சேவ் போல விரல்விட்டு எண்ண முடியாது என்பது அதன் குறை. அதே 2016-இல் கிளீவ்லேண்டு மேலாளர் டெர்ரி ஃபிராங்கோனா, தன் சிறந்த ரிலீவர் ஆண்ட்ரூ மில்லரைக் கடைசி இன்னிங்ஸுக்கென்று பூட்டிவைக்காமல், ஆட்டம் நழுவும் இடத்திலெல்லாம் இறக்கினார். அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் அதிக சேவ் பெற்றவர் கோடி ஆலன். தொடர் நாயகன் விருதோ மில்லருக்குப் போனது.