கோல்ஃப் பந்தயமும் ரெக்கார்டு நோட்டும்

(நம் பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன மாதம் போனில் கூப்பிட்டு, "தம்பி, ஸ்காட்லாந்துல இருக்கே. பசங்களுக்கு உபயோகமா இருபது நிமிஷம் பேசு" என்றார். சரி என்றேன். "தலைப்பு என்ன போடட்டும்?" என்றார். "கோல்ஃப் போட்டியில் யார்மேல் பணம் கட்டுவது" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏம்ப்பா, நீ நல்லா படிச்ச பையன்தானே?" என்றார். (சிரிப்பு)

நம் கல்லூரி மைதானத்தில் யாரும் கோல்ஃப் ஆடியதில்லை. நானும் அபர்டீன் போகும்வரை ஒரு கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. 2010-இல் மெக்கானிக்கல் முடித்து, நான்கு வருடம் சென்னையில் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, 2014-இல் அந்த எண்ணெய் நகரத்துக்குப் போனேன். அங்கே பந்தயக் கடை என்பது நம்ம ஊர் மருந்துக்கடை மாதிரி, கடைத்தெருவில் பகிரங்கமாக இருக்கிறது. பிரிட்டனில் 1961 முதல் அது சட்டபூர்வமான வியாபாரம். குதிரை, கால்பந்து, கோல்ஃப் எல்லாவற்றுக்கும் கட்டலாம்.

நான் போய்ச் சேர்ந்த அந்த ஜூலையில் ரோரி மக்கில்ராய் பிரிட்டிஷ் ஓபன் பட்டம் வென்றார். ஆபீஸ் முழுக்க அவருடைய அப்பாவைப் பற்றித்தான் பேச்சு. பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது, 2004-இல், பத்து ஆண்டுக்குள் இவன் ஓபன் ஜெயிப்பான் என்று ஜெர்ரி மக்கில்ராய் 200 பவுண்ட் கட்டியிருந்தார். ஆட்ஸ், அதாவது பந்தய விலை, 500-க்கு 1. கைக்கு வந்தது ஒரு லட்சம் பவுண்ட். அப்பா மகனை நம்பியதற்கு ஒரு லட்சம்! கேட்டதும் எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டது.

விளையாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரிய போட்டி என்றால் சுமார் 150 பேர், நான்கு நாள், நாளுக்கு 18 குழி, மொத்தம் 72. யார் குறைந்த ஸ்ட்ரோக்கில் முடிக்கிறாரோ அவர் வென்றவர். இரண்டு நாள் முடிந்ததும் ஏறக்குறைய பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கிரிக்கெட்டில் இரண்டே அணி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி வாய்ப்பு. இங்கே 150 பேரில் ஒருவரைச் சொல்ல வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? இங்கேதான் என்ஜினீயருக்கு நாக்கில் தண்ணீர் ஊறும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளிப் பேராசிரியர் மார்க் பிராடி ஒரு அருமையான அளவையைக் கொடுத்தார். பெயர் "ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்". எட்டு அடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் தட்டுவது தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே பாதிக்குப் பாதிதான். ஆக அங்கிருந்து முடிக்கச் சராசரி 1.5 ஸ்ட்ரோக். ஒரே தட்டில் முடித்தால் உமக்கு அரை ஸ்ட்ரோக் லாபம். இரண்டு ஆனால் அரை நஷ்டம். இப்படி ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக அளந்துவிடலாம். அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூர் 2011-இல் புட்டிங்குக்கு இந்தக் கணக்கை வெளியிட ஆரம்பித்தது; மற்ற அடிகளுக்கும் பின்னர் வந்தது.

பிராடி கண்டது என்ன? டி.வி.யில் பார்ப்பவன் கடைசித் தட்டைத்தான் பார்ப்பான். "புட்டிங்தான் பணம்" என்பான். ஆனால் முன்னணி ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிடப் பெறும் லாபத்தில் புட்டிங்கின் பங்கு சுமார் 15 சதவீதம்தான். தூரத்திலிருந்து கொடியை நோக்கி அடிக்கும் அப்ரோச் அடிகளின் பங்கு சுமார் 40. புட்டிங் ஒரு வாரம் வரும், மறுவாரம் போய்விடும். அப்ரோச் சரக்கு அவ்வளவு சீக்கிரம் கைவிடாது. ஆகவே போன வாரம் நன்றாகத் தட்டி ஜெயித்தவனை விட்டுவிட்டு, நன்றாக அடித்தும் தட்டல் சரியாக வாய்க்காமல் இருபதாவது இடத்தில் முடித்தவனைப் பிடிக்க வேண்டும். இது முதல் பாடம்.

இரண்டாவது, காற்று. ஓபன் போட்டி கடற்கரை மைதானங்களில்தான் நடக்கும். முதல் நாள் காலையில் சிலர், பிற்பகலில் சிலர். மறுநாள் மாற்றிப் போடுவார்கள். ஒரு பாதிக்கு வெயில், மறு பாதிக்குப் புயல் என்று அமைந்துவிட்டால் எந்தத் திறமையும் உதவாது. 2002-இல் மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓபன் இரண்டையும் வென்றுவிட்டு மியூர்ஃபீல்டுக்கு வந்த டைகர் உட்ஸ், மூன்றாம் நாள் மழையிலும் காற்றிலும் சிக்கி 81 அடித்தார். உலகின் முதல் நிலை ஆட்டக்காரர்!

இவற்றையெல்லாம் ஒரு எக்ஸெல் ஷீட்டில் போட்டு, 2016-இல் ட்ரூன் மைதானத்து ஓபனுக்கு ஸ்வீடனின் ஹென்ரிக் ஸ்டென்சனைத் தேர்ந்தெடுத்தேன். அயர்ன் அடிகளில் பெயர் பெற்றவர். ஏறக்குறைய 30-க்கு 1 விலையில் 20 பவுண்ட் கட்டினேன். கடைசி நாள் அவர் அடித்தது 63. இரண்டாவது வந்த ஃபில் மிக்கல்சனை மூன்று ஸ்ட்ரோக்கில் வென்றார். மூன்றாவது வந்தவர் மிக்கல்சனுக்கும் பதினோரு ஸ்ட்ரோக் பின்னால். எனக்கு அறுநூறு பவுண்ட்.

நண்பர்களே, அந்த அறுநூறு பவுண்ட் வராமல் இருந்திருந்தால் நான் இன்று வேறு தலைப்பில் பேசிக்கொண்டிருப்பேன்.

ஏனென்றால் ஜெயித்தது என் ஷீட் என்று நம்பிவிட்டேன். இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30-க்கு 1 நியாயமான விலை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் வாய்ப்பு 31-இல் 1. எந்தத் திறமையும் இல்லாமல் வாரம் ஒருவர்மேல் 50 வாரம் கட்டுகிறவனுக்கும், ஒரு முறையாவது ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 80 சதவீதம். ஆக, என் ஒரு வெற்றி எதையுமே நிரூபிக்கவில்லை. திறமையா அதிர்ஷ்டமா என்று தெரிய நூற்றுக்கணக்கான பந்தயம் வேண்டும். அதற்கு வருடங்கள் ஆகும்.

அதற்கும் மேல் விலையே நியாயமானதில்லை. ஒரு போட்டியின் எல்லா ஆட்டக்காரர்களின் விலையையும் வாய்ப்பாக மாற்றிக் கூட்டினால் 100 வர வேண்டும் இல்லையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டினேன். 134 வந்தது. கண்மூடித்தனமாகக் கட்டினால் ஒவ்வொரு பவுண்டிலும் கால் பவுண்ட் கடைக்காரருக்கு என்று அர்த்தம். "யார் ஜெயிப்பார்" என்பது கேள்வியே இல்லை. "இவருடைய உண்மையான வாய்ப்பு, இந்த விலை சொல்வதைவிட அதிகமா?" என்பதுதான் கேள்வி. டைகர் உட்ஸ் பி.ஜி.ஏ. டூரில் 82 பட்டம் வென்றவர். சாம் ஸ்னீடுக்கு இணையான சாதனை. அவரே ஆடிய போட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கில் ஜெயிக்கவில்லை. ஆள் சரியாக இருந்தும் விலை தவறாக இருந்தால் நஷ்டம்தான்.

இது தெரிந்தும் நான் நிறுத்தவில்லை. காரணம், என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. வாரா வாரம் எழுதி வந்தேன். அதில் லாபம் காட்டியது.

2019 ஏப்ரல், அகஸ்டாவில் மாஸ்டர்ஸ். நான் தேர்ந்தெடுத்தவர் இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ மொலினாரி. முந்தைய ஆண்டு கார்னூஸ்டியில் ஓபன் வென்றவர். அந்த மார்ச்சிலும் அமெரிக்காவில் ஒரு பட்டம் வென்றிருந்தார். 400 பவுண்ட் கட்டியிருந்தேன். மூன்று நாள் முடிந்தபோது இரண்டு ஸ்ட்ரோக் முன்னிலை. சனிக்கிழமை ராத்திரி, விலை குறைந்துவிட்ட பிறகு, இன்னும் 2,000 பவுண்ட் கட்டினேன். ஊரில் அப்பா வீட்டுக்கு மாடி எடுக்க அனுப்ப வேண்டிய பணம் அது.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டாவது குழி. 155 கெஜம்தான் தூரம். முன்னால் ஒரு சின்ன ஓடை. அப்போதும் மொலினாரி இரண்டு ஸ்ட்ரோக் முன்னால். பந்து கரையில் விழுந்து, மெதுவாக உருண்டு தண்ணீருக்குள் போயிற்று. கூட ஆடிய டைகர் பத்திரமாக மேடையில் போட்டார். பதினைந்தாவது குழியில் மொலினாரியின் பந்து மரக்கிளையில் பட்டு மறுபடியும் தண்ணீர். டைகர் வென்றார். உலகமே எழுந்து நின்று கை தட்டியது. நான் சோபாவைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். "பரவாயில்லை, மொத்தத்தில் நாம லாபத்துலதான் இருக்கோம்" என்று நோட்டைக் காட்டினேன். நோட்டின்படி 2,300 பவுண்ட் லாபம். என் மனைவி பி.காம். நோட்டை ஒரு பக்கம், பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஒரு பக்கம் வைத்து, பள்ளியில் படித்த வங்கிச் சரிகட்டும் பட்டியல் போட்டாள். ஒரு மணி நேரம் கழித்து நிமிர்ந்து கேட்டாள்: "என்னங்க, இந்த நோட்டுல தோத்த வாரமெல்லாம் எங்க?"

பதில் இல்லை. பொய் எழுத வேண்டும் என்று நான் எழுதவில்லை. "இது சும்மா சோதனைப் பந்தயம்", "இந்த வாரம் காற்றால் கெட்டது, கணக்கில் சேர்க்கக் கூடாது" என்று ஒவ்வொன்றாக விட்டிருந்தேன். வங்கிக் கணக்குப்படி மூன்று வருட நஷ்டம் 11,400 பவுண்ட். நம்ம பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல்.

அப்போதுதான் நம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப் ஞாபகம் வந்தது. ஆரிஃபிஸ் மீட்டர் சோதனை. விடை 0.62 வர வேண்டும் என்று சீனியர் சொல்லித் தந்திருப்பார். தொட்டியில் தண்ணீர் நிரம்பக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், விடையிலிருந்து பின்னோக்கி ரீடிங் போட்டு எத்தனை ரெக்கார்டு நோட்டு எழுதினோம்! (சிரிப்பு, கைதட்டல்) கை தட்டாதீர்கள், சார் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். என் நோட்டில் எல்லாப் புள்ளியும் கோட்டின்மேலேயே இருப்பதைப் பார்த்து, அவர் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டுவிட்டு, "தம்பி, தண்ணி பொய் சொல்லாது. போய் மறுபடி எடு" என்றார். அன்று அவரைத் திட்டினேன். பத்து வருடம் கழித்து அதே தப்பை, அதே கையால், பணத்தை வைத்துச் செய்தேன். சார், மன்னிக்கணும்.

மறுநாள் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மாடி அப்புறம் கட்டிக்கலாம். நீ சாப்பிட்டியா?" என்றார். 2022-இல்தான் அந்த மாடி எழுந்தது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்; அந்தக் கேள்வியை மறக்க முடியவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே தமிழ்நாட்டில் 2022-இலும், மத்தியில் 2025-இலும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் சூதுக்கு எதிராகச் சட்டம் வந்திருக்கிறது. ஆனாலும் செல்போனுக்கு ஏதோ ஒரு வழியாக அது வந்துகொண்டுதான் இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். "நான் என்ஜினீயர், கணக்குப் போட்டு ஆடுறேன்" என்று உங்களில் ஒருவர் இப்போது நினைத்துக்கொண்டிருக்கலாம். அவருக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். என் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது தம்பி. ரீடிங்தான் பொய். பந்தயமோ, பங்குச்சந்தையோ, நீங்கள் டிசைன் செய்யப் போகும் பம்போ, ஒத்துவராத ரீடிங்கை முதலில் எழுதுங்கள். உங்கள் நோட்டை உங்கள்மேல் பாசம் உள்ள, ஆனால் உங்களுக்குப் பயப்படாத ஒருவரிடம் காட்டுங்கள்.

பிரிட்டனில் கேம்ஸ்டாப் என்று ஓர் ஏற்பாடு உண்டு. நாமே பெயர் கொடுத்தால் ஆன்லைன் பந்தயக் கணக்குகளை நமக்கு மூடிவிடுவார்கள். 2019-இல் ஐந்து வருடத்துக்குக் கொடுத்தேன். 2024-இல் கெடு முடிந்தது. நாமாகக் கேட்டால்தான் தடையை நீக்குவார்கள். நான் கேட்கவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் பார்க்கிறேன், யார் ஜெயிப்பார் என்று சொல்கிறேன். என் மனைவி அதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள், தோற்றதையும் சேர்த்து. பெரும்பாலும் தோற்றதுதான். (சிரிப்பு)