குறி கேட்கப் போன அம்மாவும் கேட்க மறந்த நாமும்

(காஜாங்கில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்துமேடை நிகழ்ச்சியில் ‘எதிர்காலம் சொல்பவர்கள்: அன்றும் இன்றும்’ என்ற தலைப்பில், பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன்னால் பேசிய ஐயா, அந்தக் காலத்துத் தீர்க்கதரிசனம் எல்லாம் சத்தியம், இந்தக் காலத்துக் குறி எல்லாம் வியாபாரம் என்றார். அவருக்கு முன்னால் பேசிய தம்பி, அன்றும் சரி இன்றும் சரி, எல்லாமே மூடநம்பிக்கை என்று ஒரே போடாகப் போட்டார். இருவருக்கும் நீங்கள் கைதட்டினீர்கள். நான் இருவரோடும் கொஞ்சம் சண்டை போடலாம் என்று வந்திருக்கிறேன். அதற்கு முன் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் மேடை ஏறியிருக்கிறேன்.

நாங்கள் செமினி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்பா பால்மரம் சீவினார், அம்மா வெளிக்காட்டு வேலை. தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறியபோது, 1997இல் காஜாங் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். நான்காவது மாடி. 2010இல் அப்பாவோடு ஏதோ வாய்த்தகராறு, என் தம்பி வீட்டை விட்டுப் போய்விட்டான். அப்போது அவனுக்கு 22 வயது. போலீசில் புகார் கொடுத்தோம், கூட்டாளிகள் வீட்டுக்கெல்லாம் அலைந்தோம். தகவல் இல்லை.

அம்மா முதலில் போனது எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயில் பூசாரித் தாத்தாவிடம். தோட்டத்தில் திருவிழா என்றால் அவருக்கு அருள் வரும், எல்லோர் முன்னாலும் குறி சொல்வார். இப்போது அவரும் மகன் வீட்டில், ஒரு தாமானில் இருந்தார். அம்மா அழுதுகொண்டே கேட்டார். தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எனக்குத் தெரியல ஆத்தா. தோட்டத்துல எல்லார் வீட்டு சங்கதியும் தெரியும், சாமியும் வந்துச்சு. இங்க பக்கத்து வீட்டுல யாரு இருக்கான்னே தெரியல, சாமி எங்க வரப் போவுது?”

அதற்குப் பிறகு அம்மாவுக்கு யாரோ ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்கள். ஞானதிருஷ்டி உள்ளவராம், படத்தைப் பார்த்தே சொல்வாராம். அவர் பெயரையும் ஊரையும் நான் சொல்லப் போவதில்லை. முதல் தடவை 51 வெள்ளி. “பையன் உயிரோட இருக்கான், வடக்கே இருக்கான், தண்ணிப் பக்கம்” என்றார். அம்மா தம்பியின் படத்தை எடுத்துக்கொண்டு மூன்று தடவை பட்டர்வொர்த்துக்குப் பேருந்தில் போனார். கிடைக்கவில்லை என்றதும் தடை இருக்கிறது, பூஜை செய்ய வேண்டும் என்றார். இப்படியே 3,800 வெள்ளி போனது. எங்களுக்குத் தெரியாமல் அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது.

2013 தீபாவளியன்று தம்பியே போன் செய்தான். மூன்று வருடமாக ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்திருக்கிறான். வடக்கே என்றார், தெற்கே இருந்தான். நான் அம்மாவிடம் சண்டை போட்டேன். அம்மா என்ன சொன்னார் தெரியுமா? “தண்ணிப் பக்கம்னு சொன்னது சரிதானே?” என்றார். (சிரிப்பு) நம் தீபகற்பத்தில் எந்த ஊர் ஐயா தண்ணீருக்கு அவ்வளவு தூரம்? அந்த மனிதரும் சும்மா இருக்கவில்லை. “என் பூஜையாலதான் போன் வந்துச்சு, மறக்காம காணிக்கை அனுப்புங்க” என்றார்.

எப்படிப் பொருந்துகிறது?

இப்படிப்பட்ட வாக்கு எப்படி எல்லோருக்கும் பொருந்துகிறது என்பதை 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் வகுப்பிலேயே சோதித்துப் பார்த்தார். மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, உங்கள் ஒவ்வொருவருடைய குணத்தையும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன் என்று தாள் கொடுத்தார். எவ்வளவு சரி என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் உண்மையைச் சொன்னார்: எல்லாத் தாளிலும் ஒரே வாசகம்தான். அதில் பெரும்பகுதி கடையில் விற்கும் ஒரு ஜோதிடப் புத்தகத்தில் எடுத்தது.

இன்னொன்று எண்ணிக்கை. 2010 உலகக் கிண்ணக் காற்பந்து நினைவிருக்கிறதா? சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நம் தமிழர் ஒருவர் வளர்த்த மணி என்ற கிளி, காலிறுதி ஆட்டம் நான்கிலும் வென்ற அணியைச் சரியாக எடுத்தது. உலகப் பத்திரிகைகள் ஓடி வந்தன. நாணயம் சுண்டினாலே 16 பேரில் ஒருவருக்கு நான்கும் சரியாக விழும். உலகம் முழுக்க எத்தனை கிளி, எத்தனை பூனை, எத்தனை ஜோசியர்! தவறாகச் சொன்னவர்களைத் தேடி எந்தப் பத்திரிகையும் போகவில்லை. இறுதியாட்டத்துக்கு மணி நெதர்லாந்து அட்டையை எடுத்தது. ஜெர்மனியில் இருந்த பால் என்ற ஆக்டோபஸ் ஸ்பெயினை எடுத்தது. ஸ்பெயின் 1-0 என்று வென்றது. அன்றோடு நம் மணியின் புகழ் முடிந்தது. பாவம் கிளி, அது யாரிடமும் பரிகாரப் பூஜைக்குப் பணம் கேட்கவில்லை. (கைத்தட்டல்)

காஜாங் சிறை சொல்லும் பாடம்

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று தம்பி சொன்னார். தம்பி, நீங்கள் இருக்கும் இதே ஊரில் ஒரு சிறைச்சாலை இருக்கிறது. மோனா ஃபெண்டி என்ற பெண் போமோவும், அவர் கணவரும், உதவியாளரும் 2001 நவம்பர் 2ஆம் தேதி தூக்கிலிடப்பட்டது அங்கேதான். 1993இல் அவர்களால் கொல்லப்பட்ட மஸ்லான் இட்ரிஸ், பகாங் மாநிலத்தின் பத்து தாலாம் சட்டமன்ற உறுப்பினர். வெளிநாட்டில் படித்தவர். அரசியலில் மேலே போக மந்திர சக்தி தருகிறோம் என்று சொன்னதை நம்பிப் போனார். வானத்திலிருந்து பணம் விழும் என்று அவரைக் கண்மூடிப் படுக்க வைத்துக் கொன்றார்கள். படிப்பு இருந்தது, பதவி இருந்தது. ஆனால் ஆசை இருக்கும் இடத்தில் அறிவு வாசலில்தான் நிற்கும். என் அம்மாவிடம் இருந்தது ஆசை அல்ல, பயம். இரண்டுமே ஒரே வாசல் வழியாகத்தான் மனிதனை அழைத்துப் போகின்றன.

அன்று நடந்தது என்ன?

இப்போது ஐயாவிடம் வருகிறேன். அந்தக் காலத்து வாக்கெல்லாம் பலித்தது என்றீர்கள். கிரேக்கத்தில் டெல்ஃபி என்ற கோயிலில் லிடியா நாட்டு மன்னன் குரோசஸ் குறி கேட்டான். பாரசீகத்தின் மேல் படையெடுத்தால் ஒரு பெரிய பேரரசு அழியும் என்று வாக்கு வந்ததாக எரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். சந்தோஷமாகப் போனான். அழிந்தது அவனுடைய பேரரசு. இரண்டு பக்கமும் பொருந்துகிற பேச்சு அன்றும் இருந்தது ஐயா.

ஆனால் பழைய ஏட்டில் வேறு விதமான வாக்கும் உண்டு. பைபிளில் யோனா என்ற தீர்க்கதரிசி, நாற்பது நாளில் நினிவே நகரம் அழியும் என்று தெருவில் நின்று அறிவித்தார். மக்கள் மனம் திருந்தினார்கள். நகரம் அழியவில்லை. வாக்குப் பலிக்காமல் போனதுதான் அந்த வாக்கின் வெற்றி. திருந்து என்றார், பணம் கட்டு என்று சொல்லவில்லை.

நம் சிலப்பதிகாரத்திலேயே ஒரு செய்தி இருக்கிறது. சேர அரசவையில் ஒருவன் இளவல் இளங்கோவைப் பார்த்து, அரியணை ஏறும் இலக்கணம் உனக்குத்தான் இருக்கிறது என்று சொன்னான். அண்ணன் செங்குட்டுவன் இருக்க இப்படிச் சொல்லலாமா என்று சினந்து, இளங்கோ துறவு பூண்டார். அந்தக் குறி பொய்த்தது. பொய்த்ததால் நமக்கு ஒரு காப்பியம் கிடைத்தது. விதி என்று யாரோ சொன்னதை ஒரு மனிதன் மறுக்கலாம் என்று சொல்லிக் கொடுத்த இனம் நாம்.

எல்லாவற்றையும் விட என் மனத்தைத் தொட்டது பத்துப்பாட்டில் வரும் முல்லைப்பாட்டு. கணவன் போருக்குப் போயிருக்கிறான், மனைவி காத்திருக்கிறாள். மாலை நேரத்தில் வயதான பெண்கள் நெல்லும் முல்லைப் பூவும் எடுத்துக்கொண்டு ஊர்ப்புறத்துக்குப் போய்ச் சாமி கும்பிட்டுக் காத்து நிற்கிறார்கள். காதில் விழும் முதல் நல்ல சொல்தான் குறி. அதற்கு விரிச்சி என்று பெயர். அங்கே ஓர் இடைச்சிப் பெண், தாயைக் காணாமல் தவிக்கும் கன்றைப் பார்த்து, உன் தாய் இப்போது வந்துவிடும் என்று ஆறுதல் சொல்கிறாள். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு பெண்கள் திரும்பி வந்து, நல்ல சொல் கேட்டோம், உன் கணவன் வருவான், கலங்காதே என்று தேற்றுகிறார்கள்.

தாய்மார்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்தக் குறிக்கு விலை இல்லை. குறி சொன்னவளுக்குத் தான் குறி சொன்னதே தெரியாது. கேட்கப் போனது காத்திருந்தவள் அல்ல, அவளுக்காக ஊர்ப் பெரிய பெண்கள் போனார்கள். திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

எங்கள் தோட்டத்துத் தாத்தாவின் குறியும் அந்த வகைதான். எல்லோர் முன்னாலும் சொல்வார். தப்பாகச் சொன்னால் மறுநாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில் அதே ஆட்களின் முகத்தில் விழிக்க வேண்டும். அந்த வெட்கம் ஒரு காவல். கைத்தொலைபேசியில் குறி சொல்பவருக்கு அந்தக் காவல் இல்லை. தப்பாகிப் போனால் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். அன்றைய வாக்கில் சாமி வந்ததா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. ஆனால் ஊர் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

தெரியாது என்று சொல்லும் தைரியம்

தம்பி கிடைத்து நான்கு மாதம் கழித்து, 2014 மார்ச் 8ஆம் தேதி எம்எச்370 விமானம் 239 பேரோடு காணாமல் போனது. அம்மா தொலைக்காட்சியை விட்டு எழவில்லை. “அந்தத் தாய்மாருங்க இப்ப எங்கெங்க போவாங்களோ” என்றார். அந்த வாரமே, ராஜா போமோ என்று அறியப்பட்ட ஒருவர் தேங்காய்களோடும் மூங்கில் தொலைநோக்கியோடும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கு வந்து நின்றார். உலகமே நம்மைப் பார்த்துச் சிரித்தது. அறிஞர்களோ செயற்கைக்கோள் குறிப்பை வைத்துக் கணக்குப் போட்டு, தெற்கு இந்தியப் பெருங்கடல் வரை சொல்லலாம், சரியான இடம் தெரியாது என்றார்கள். 2015 ஜூலையில் ஆப்பிரிக்கா பக்கம் ரியூனியன் தீவின் கரையில் இறக்கையின் ஒரு பகுதி ஒதுங்கியது. அதைக் கண்டெடுத்தவர்கள், கடற்கரையைத் துப்புரவு செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள்.

இவ்வளவுதான் தெரியும், இதற்கு மேல் தெரியாது என்று சொல்ல ஒரு நேர்மை வேண்டும். அந்த அறிஞர்களிடம் அது இருந்தது. எங்கள் பூசாரித் தாத்தாவிடமும் இருந்தது. என் அம்மாவை ஏமாற்றியவரிடம் இல்லை. அன்று, இன்று என்று காலத்தை வைத்துப் பிரிப்பதை விட, இதை வைத்துப் பிரிக்கலாம் என்பது என் கட்சி. எல்லோர் முன்னிலையிலும் சொல்வாரா? தப்பானால் ஒப்புக்கொள்வாரா? முடிவை உங்களிடமே விடுவாரா? யாரிடமும் சொல்லாதே, வீட்டுக்குத் தெரியக் கூடாது, இன்றைக்குள் பணம் கட்டு என்று ஒருவர் சொன்னால், அவர் எந்தக் காலத்து உடை உடுத்தியிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். காணாமல் போனவருக்குப் போலீஸ், உடம்புக்கு டாக்டர். பிறகு கோயிலுக்குப் போங்கள், யார் வேண்டாம் என்றார்கள்?

நடுவர் ஐயா, மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு நிமிடம்.

போன வருடம் ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன். அந்த ஆள் பொய் சொல்கிறான் என்று உங்களுக்குத் தெரியவே இல்லையா? அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: “ரெண்டாவது தடவையே தெரியும்மா. ஆனா அந்த ஒரு மணி நேரம் என் புள்ளயப் பத்தி எங்கிட்ட பேசுனது அவன் ஒருத்தன்தான். நீங்கல்லாம் வேலைக்குப் போயிருவீங்க. அப்பாகிட்ட பேர் எடுத்தாலே கோவம் வரும். பக்கத்து வீட்டுல கம்பிக் கதவு எப்பவும் பூட்டியே கெடக்கும்.”

3,800 வெள்ளிக்கு என் அம்மா வாங்கியது குறியை அல்ல ஐயா. தோட்டத்து லயத்தில் வாசலில் உட்கார்ந்தால் இலவசமாகக் கிடைத்ததை இங்கே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். அதை விற்கும் கடையை அந்த ஆள் திறந்து வைத்திருந்தார். நான் அதே வீட்டில்தான் இருந்தேன்.

மூடநம்பிக்கை என்று பெரியவர்களைத் திட்டும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். திட்டுவதற்கு முன், யாருக்காக அவர்கள் குறி கேட்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள்.

(நீண்ட கைத்தட்டல்)