நீர்த்துறையும் நாற்றமும்: பெரும்பாணாற்றுப்படையில் ஒரு நள்ளிரவு வேட்டை

ஆண்டு விழாவில் வேட்டையைப் பற்றியா பேசுவது என்று சிலர் நினைக்கக்கூடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை நம் நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். அது அவ்வாறே இருக்கவேண்டும் என்பதே என் எண்ணமும். நான் எடுத்துக்கொண்டிருப்பது பத்துப்பாட்டுள் ஒரு சிறு பகுதி. அதனை நாம் கண்ணால் மட்டுமே படித்துவருகின்றோம். மூக்காலும் படிக்கவேண்டும் என்பதே நான் சொல்லவந்தது. தலைப்பில் 'நாற்றம்' என்று நான் இட்டது பழைய பொருளில். நறுமணத்திற்கும் தீமணத்திற்கும் பொதுவாயிருந்த அச்சொல்லை நாம் இழிபொருளுக்கு மட்டும் ஆக்கிவிட்டோம்.

பெரும்பாணாற்றுப்படை 500 அடி கொண்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. காஞ்சிக்குச் செல்லும் பாணன் கடக்கவேண்டிய நிலங்களுள் எயினர் வாழும் வறண்ட நிலமும் ஒன்று. அங்கே மழை பொய்த்த காலம். ஒன்றோடொன்று மயங்கிக் கிடக்கும் வழிகளில் மானின் அடிச்சுவடுகள் பதிந்திருக்கின்றன. நீரை விரும்பித் தோண்டிய இடத்தருகே குழிக்குள் ஒடுங்கி, வளைந்த கொம்புடைய பன்றி வருமென்று கானவர் நள்ளிரவில் காத்திருக்கின்றனர். அந்த வேட்டை தவறினால், மறுநாட் பகலில் நாய்களோடு புறப்பட்டுப் புதர்களை அடித்து, வலைகளை வேலிபோல் தொடுத்துக் கட்டி, முயல்களை வளைத்துப் பிடிக்கின்றனர். இவ்வளவும் பன்னிரண்டு அடிக்குள் அடங்கிவிடுகின்றது. உ.வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள்முதல் இது நம் கையில் இருக்கின்றது.

வகுப்பறையில் இப்பகுதியை நடத்தும்போது, வேட்டுவர் விலங்கின் கண்ணில் படாதிருக்கக் குழியில் ஒளிந்தனர் என்று சொல்லி மேலே சென்றுவிடுவது வழக்கம். நள்ளிரவில் யார் கண்ணில் படுவது? இருளே போர்வையாக இருக்கையில், ஒரு புதர்மறைவு போதாதா? பன்றியோ கூரிய பார்வையுடைய விலங்கு அன்று. அதன் கூர்மையெல்லாம் மூக்கில்தான். மானுக்கும் மோப்பமே முதற்காவல். முதுமலை போன்ற காடுகளில் புள்ளிமான் கூட்டத்தின் அருகே மந்திகள் மரத்தில் இருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். குரங்கின் கண்ணும் மானின் மூக்கும் ஒன்றுக்கொன்று காவலாகும் கூட்டு அது. மான் அடிக்கடி தன் மூக்கை நக்கி ஈரமாக்கிக்கொள்வதும் இதன்பொருட்டே. ஈரமான மூக்கில் மணத்துகள் எளிதில் ஒட்டும்.

தொல்காப்பியர் மரபியலில் அறிவுகளை அடுக்கிய வரிசையை நினைவுகூர்க. மெய், வாய், மூக்கு, கண், செவி, மனம். மூக்கு மூன்றாவது, கண் நான்காவது. கண்ணும் செவியும் மனமும் பெற்றபின் நாம் அந்த மூன்றாம் அறிவைப் பெரும்பாலும் கைவிட்டோம். மானும் பன்றியும் கைவிடவில்லை. ஆகவே அக்குழியில் இருப்பவன் முதலில் மறைக்கவேண்டியது தன் உருவத்தை அன்று. தன் உடல் நாற்றத்தை.

நாற்றத்தை எடுத்துச் செல்வது காற்று. நம் மொழியில் காற்றுக்குத் திசைவழிப் பெயர்கள் உண்டு: கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல். வேட்டுவனின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதோ இந்நான்கினும் அடங்காத ஒரு சிறு நகர்வு. இலை அசையாத இரவிலும் அது இருக்கும். பகலில் வெயிலால் தரை சூடேறுகின்றது. தரையை ஒட்டிய காற்று இலேசாகிச் சரிவின்மீது மேலேறுகின்றது. நீர் தரையைப்போல் விரைவில் சூடேறாது. அதன்மேல் உள்ள குளிர்ந்த காற்று கரைநோக்கிப் பரவுகின்றது. எனவே பகலில் நீர்க்கரையில் பதுங்கியிருப்பவனின் நாற்றம் நீரிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து மேட்டுக்கும் செல்லும். மேட்டிலிருந்து இறங்கிவரும் விலங்கு அவனை வெகு தொலைவிலேயே அறிந்துவிடும். இரவில் இது தலைகீழாகும். தரை விரைவில் குளிர்கின்றது. குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளம் நாடிச் சரிகின்றது. நீர் சிறிது வெப்பத்தை இன்னும் வைத்திருப்பதால், அதன்மேல் எழும் காற்றின் இடத்தை நிரப்பக் கரைக்காற்று நீரை நோக்கி வருகின்றது. சரிவின் இழுப்பும் நீரின் இழுப்பும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன. பலத்த காற்று வீசும் நாளில் இவையெல்லாம் கலைந்துபோகும் என்பதும் உண்மை. அந்தி மாலையிலும் விடியலிலும் காற்று திசைமாறும். அந்நேரத்தில் நாற்றம் எப்பக்கம் சுழலும் என்று சொல்லவியலாது. மரநிழல் அடர்ந்த ஓடைப் பள்ளங்களில் நண்பகலிலும் குளிர்காற்று ஓடையோடு கீழிறங்குவதுண்டு.

இப்போது உருத்திரங்கண்ணனாரிடம் திரும்புவோம். வறண்ட காலத்தில் நீர் கிடைப்பது நிலத்தின் ஆகத் தாழ்ந்த இடத்தில்தான். நள்ளிரவு, காற்றெல்லாம் அப்பள்ளத்தை நோக்கி இறங்கும் பொழுது. மேட்டிலிருந்து வரும் விலங்கின் முதுகுப்புறமாகக் காற்று வருகின்றது. முன்னே இருப்பதன் நாற்றம் அதன் மூக்கை எட்டுவதில்லை. வேட்டுவனோ பள்ளத்திலும் பள்ளமான பயம்புக்குள் இருக்கின்றான். கனத்த குளிர்காற்று அக்குழிக்குள் தேங்கி நிற்க, அவனுடைய நாற்றமும் பெரும்பாலும் அதனோடு தேங்கிவிடுகின்றது. நீர்க்கரை, நள்ளிரவு, குழி என்ற மூன்றும் வெறும் வருணனை அல்ல. ஒன்றில்லாமல் மற்றது பயன்படாத வேட்டைத் தொழில்நுட்பம் என்றே நான் கருதுகின்றேன். புலவர் இந்தக் காரணத்தை எங்கும் சொல்லவில்லை. கண்டதைக் கண்டவாறு, ஒன்றையும் விடாமல் வைத்தார். காரணம் அதற்குள் தானே இருக்கின்றது.

மறுநாட் பகலையும் பாருங்கள். காற்று மேலேறும் பொழுதில் கானவர் நீர்க்கரைக்குச் செல்வதில்லை, நாயை அழைத்துக்கொள்கின்றனர். இரவில் விலங்கின் மூக்கு வேட்டுவனுக்குப் பகை. பகலில் நாயின் மூக்கு அவனுக்குத் துணை. 'அது தவறினால் இது' என்று நாம் எளிதாகப் பொருள் சொல்லிவிடும் இடத்தில் வேட்டையின் முறையே மாறிவிட்டிருக்கின்றது.

இவ்வறிவு நம் நாட்டுக்கு மட்டும் உரியது அன்று. வட அமெரிக்காவில் உரிமம் பெற்று வெண்வால் மானை வேட்டையாடுவோர், நம் எருக்குக்கு உறவான ஒரு செடியின் விதைப்பஞ்சை ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டு, அது ஏரியை நோக்கிப் போகின்றதா, கரையில் சுழல்கின்றதா, சரிவில் ஏறுகின்றதா என்று பார்த்தபின்பே இடம் தேர்கின்றனர். கையருகே ஒரு திசையில் போகும் பஞ்சு முப்பதடி தள்ளி வேறு திசையில் திரும்புவதை அவர்கள் காண்கின்றனர். 1944இல் வெளிவந்த ஜிம் கார்பெட்டின் குமாவுன் ஆட்கொல்லிப் புலிகள் பற்றிய நூலில் ஒரு செய்தி உண்டு. மனிதனுக்கு மோப்பம் இல்லையென்பது புலிக்குத் தெரியாது. ஆகையால் மானை அணுகுவதுபோலவே மனிதனையும் காற்றுக்கு எதிராகவே அது அணுகும் என்கிறார். அதனால் எப்பக்கம் அஞ்சவேண்டும் என்பதைக் காற்றைப் பார்த்தே அவர் அறிந்துகொண்டார். மனித இனத்திற்குப் புலி செய்யும் இந்த மரியாதைக்கு நாம் தகுதியுடையவர்கள் அல்லர்!

நீர்த்துறை வேட்டை என்றவுடன் தயரதனை நினையாதிருக்க முடியாது. இரவில் சரயுக் கரையில் விலங்கு நீருண்ண வருமெனக் காத்திருந்தவன், குடத்தில் நீர் புகும் ஒலியை யானையின் ஒலியெனக் கொண்டு அம்பை எய்தான். விழுந்தவன் முனிவன் மகன். ஓசைவழி எய்யும் திறத்தைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் நிறைய எழுதியிருக்கின்றோம். அவன் நம்பியது ஐந்தாம் அறிவாகிய செவியை. அவ்விடத்தில் ஒரு மான் நின்று காற்றும் வாய்த்திருந்தால், குடம் நீரைத் தொடுமுன்பே வந்திருப்பது மனிதன் என்று அதற்குத் தெரிந்திருக்கும். இராமகாதையின் துயரம் அத்தனையும் மூன்றாம் அறிவு இல்லாத ஒருவனின் அம்பில் தொடங்குகின்றது என்று சொல்வது மிகை எனின், மிகையாகவே இருக்கட்டும்.

கவிஞர் பெருமக்களிடம் ஒன்று கேட்கலாம் என்று நினைக்கின்றேன். நம் காலத்துக் கவிதைகளில் மல்லிகை மணக்கின்றது, மண் மணக்கின்றது. ஆனால் அம்மணம் எங்கிருந்து எங்கே போகின்றது, எந்நேரத்தில், யார் மூக்குக்கு என்பது இல்லை. மணம் அங்கே ஓர் அடைமொழியாகத் தங்கிவிட்டது. குறிஞ்சியில் இரவுக்குறிக்கு வரும் தலைவன் யாமத்தில் மலைச்சரிவில் இறங்கிவருகின்றான். அந்நேரம் காற்றும் அவனோடு இறங்கும். அவன் சூடிய கண்ணியின் மணம் அவனுக்கு முன்னே வந்துவிடும் அல்லவா? இதை விரித்துரைக்க இன்று நேரம் இல்லை. இளைய ஆய்வாளர் எவரேனும் எடுத்துக்கொண்டால் மகிழ்வேன்.

இறுதியாக அந்த மானின் அடிச்சுவடு. காத்திருப்பது பன்றிக்காக, மானின் சுவடு அங்கே எதற்கு? வெறும் நிலவருணனை என்று நானும் நெடுநாள் மாணவர்க்குச் சொல்லியதுண்டு, அவ்விளக்கத்திலும் தவறில்லை. என்றாலும் வேறொன்றும் தோன்றுகின்றது. மான் கரைக்கு வந்து நெடுநேரம் நின்று, காற்றை முகர்ந்து, ஐயம் தீர்ந்தபின்பே நீரில் வாய்வைக்கும். ஐயம் தீராவிட்டால் கத்தி எச்சரித்து ஓடும். அக்குரல் கேட்டபின் அவ்விரவு அங்கே வேறு விலங்கு வருவது அரிது. அவ்வழியில் மான்கள் அஞ்சாமல் வந்துபோயிருக்கின்றன என்பதற்கு அச்சுவடுகளே சான்று. குழிக்குள் இருப்பவனுக்கு அவ்விரவின் முதல் தேர்வு பன்றி அன்று, மான்தான். வில்லை வளைக்காமல், மூச்சடக்கி, அது நீருண்டு திரும்பிப் போகும்வரை அவன் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.