பூட்டைச் சோதிக்க ஆள் வைப்பது

 

'ஹேக்கர்' என்றதும் நமக்குத் திருடன் ஞாபகம்தான் வரும். அவருக்கே கூலி கொடுத்து உள்ளே நுழையச் சொல்லும் தொழிலும் இருக்கிறது. கணினியின் சொந்தக்காரர் எழுத்தில் அனுமதி தருவார். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எந்த நாள் வரை என்பதெல்லாம் அதில் இருக்கும். சோதிப்பவர் திருடனைப் போலவே முயன்று பார்த்து, எங்கே ஓட்டை என்று அறிக்கை கொடுப்பார். இதைப் 'பெனட்ரேஷன் டெஸ்ட்' என்கிறார்கள். அந்த அனுமதி இல்லாவிட்டால், நல்ல எண்ணத்தோடு நுழைந்தாலும் சிங்கப்பூரில் அது குற்றம். கணினி படிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

2018 தொடக்கத்தில் நம் தற்காப்பு அமைச்சே ஹேக்கர்களை அழைத்து, தன் 8 கணினி அமைப்புகளைச் சோதிக்க விட்டது. 35 ஓட்டைகள் கிடைத்தன. கொடுத்த வெகுமதி மொத்தம் 15,000 அமெரிக்க வெள்ளிகூட இல்லை. மலிவான வியாபாரம் என்பேன்.

அதே ஆண்டுதான் சிங்ஹெல்த்தில் 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாளக் கார்டு எண், முகவரி எல்லாம் களவு போயின. நம் குடும்பத்தாரும் அதில் இருந்திருப்பார்கள். விசாரணையில் வெளிவந்தது என்ன? முன்பே நடந்த சோதனையில் பலவீனங்கள் தெரிந்திருந்தன. ஆனால் எல்லாம் சரிசெய்யப்படவில்லை. சிங்ஹெல்த்துக்கும் அதன் கணினிப் பணிகளைக் கவனித்த நிறுவனத்துக்கும் சேர்த்து 10 லட்சம் வெள்ளி அபராதம். கடைக்காரனாகச் சொல்கிறேன்: சரக்கைக் கணக்கெடுத்து, குறையைக் கண்டபின் ஏட்டை மூடி வைத்தால், கணக்கெடுத்த கூலியும் நஷ்டம்.

நம் சங்கத்துக்கு வருகிறேன். கல்வி உதவிநிதி மனுவில் ஒரு தாய் தன் வருமானத்தை எழுதுகிறார், கணவர் இல்லை என்று எழுதுகிறார். அது அமானிதம். அந்தக் காலத்தில் அது அலமாரியில் இருந்தது, சாவி செயலாளரிடம் இருந்தது. இப்போது கணினியில் இருக்கிறது. கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும்? பொறுப்பிலிருந்து விலகியவர்கள் இன்னும் உள்ளே போக முடியுமா? இதைப் பார்க்கச் செலவே இல்லை, அடுத்த வாரமே பார்த்துவிடலாம்.

பிறகு உரிமம் பெற்ற ஒருவரைக் கொண்டு சோதிக்க, நிர்வாகக் குழு ஒரு தொகை ஒதுக்க வேண்டும். அறிக்கை வந்ததும் ஓட்டைகளை அடைப்பவர் யார், எத்தனை நாளில் என்பதையும் பணம் ஒதுக்கும் அதே கூட்டத்திலேயே பதிவு செய்துவிட வேண்டும்.