ஏரிக்கரை ஊரும் புயற்காலமும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



புயல் என்றதும் கடலோர மக்களையே நாம் எண்ணுகிறோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பயணிகளோடு வந்த இரயிலும் தப்பவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையேறிய கஜா புயல், தென்னையை நம்பி வாழ்ந்த முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வட்டாரங்களை நிலைகுலையச் செய்தது. இவற்றைக் கேட்டு வருந்தும் நாம், "நமக்கும் கடலுக்கும் வெகுதூரம்" என்று ஆறுதல் கொள்கிறோம். அந்த ஆறுதலுக்கு அடிப்படை இல்லை.

உத்திரமேரூரிலிருந்து கடல் ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில்தான் உள்ளது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரத்தின் அருகே. அவ்வூர் நமக்கு நேர் கிழக்கில் இருக்கிறது. மேலும், நாமும் நீர்க்கரையில் குடியிருப்பவர்களே. பல்லவர் காலத்தில் வயிரமேகத் தடாகம் எனப் பெயர் பெற்ற ஏரி நமது ஊரின் ஏரியாகும்.

புயல் நேரத்தில் ஏரிக்கு இரு வகையில் ஆபத்து நேர்கிறது. பெருமழையின் வரத்து நீரைக் கலங்கல் வெளியேற்ற இயலாதபோது, நீர் கரைமேல் வழிந்து மண்ணை அரிக்கிறது. நிறைந்த ஏரியில் காற்று எழுப்பும் அலைகளும் கரையைத் தாக்குகின்றன. எலி, நண்டு வளைகளும், வேரோடு சாய்ந்த மரம் விட்டுச்சென்ற பள்ளமும் உடைப்புக்கு வழி திறந்துவிடுகின்றன. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்திற்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அதே மழை நமது ஏரியின்மேல் பெய்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டும்.

நமது முன்னோர் இதைச் சிந்தித்திருக்கிறார்கள். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் இவ்வூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்குப் புகழ் பெற்றவை. ஏரி வாரியத்திற்கு 6 பேரைத் தெரிவு செய்து, 360 நாட்கள் பொறுப்பளித்த செய்தியும் அவற்றில் உண்டு. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியம் ஏற்க இயலாது. அன்றைய சபையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை என்பது உண்மையே. எனினும், ஏரியைக் காப்பதற்குப் பெயர் குறித்த ஆட்கள் வேண்டும் என்ற பாடம் இன்றும் பொருந்தும்.

இன்று ஏரிப் பராமரிப்பு அரசின் நீர்வளத் துறையைச் சார்ந்தது. ஆயினும், கரையில் நீர் கசிவதை முதலில் காண்பவர் அக்கரையில் நடப்பவரே. எனவே இக்கூட்டத்தின்முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது: ஐப்பசி பிறக்குமுன் நமது இளைஞர்கள் அறுவர், ஊரின் மற்றச் சமூகத்தாருடன் சேர்ந்து கரை, கலங்கல், மதகு, கால்வாய் ஆகியவற்றைப் பார்வையிட்டு, கண்ட குறைகளை அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது: புயல் எச்சரிக்கை வந்தவுடன் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அதனை அறிவிக்க வேண்டும். மின்சாரம் நின்றாலும் ஒலிபெருக்கி இயங்குவதற்கு பேட்டரி தயாராக இருக்கட்டும். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077 ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும்.

மூன்றாவது: தாழ்வான பகுதிகளிலும் கூரை வீடுகளிலும் தனித்து வாழும் முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள் ஆகியோரின் பட்டியல் நம் கையில் வேண்டும். காற்று தொடங்கிய பிறகு அவர்களைத் தேடுவது காலம் கடந்த செயலாகும்.

நான்காவது: 2015 வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் பல, மதம் பாராது மக்களைத் தங்கவைத்து உணவளித்தன. நமது மண்டபமும் அவ்வாறே திறந்திருக்க வேண்டும். அரிசி, குடிநீர், பாய், விளக்கு ஆகியவற்றிற்கு இவ்வாண்டு வரவு செலவில் தனித்தொகை ஒதுக்கி, அதன் கணக்கை அடுத்த ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும்.

புயலைத் தடுக்கும் ஆற்றல் நம்மிடம் இல்லை. அது வரும் இரவில் எந்த வீட்டுக் கதவை யார் தட்டுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யும் ஆற்றல் நம்மிடம் உண்டு. அம்முடிவை இன்றே எடுப்போமாக!