அறுவைக்கு முன் இரத்தம் தேறட்டும்



ஆஸ்பத்திரியில் அறுவைக்கு நாள் குறித்ததும் நாம் என்ன செய்கிறோம்? நேர்த்திக்கடன் வைக்கிறோம். பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று யோசிக்கிறோம். உடம்பில் இரத்தம் போதுமா என்று மட்டும் கேட்பதில்லை.

சோகை தோட்ட மக்களின் பழைய பகை. நம் முன்னோரின் இரத்தத்தை மலேரியா அழித்தது. வெறுங்கால் வழியே புகுந்த கொக்கிப் புழு உறிஞ்சியது. 1901-இல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நீரை வடித்து மலேரியாவை ஒடுக்கினார். சோகைக்குக் காரணத்தைத் தேடி அடிக்க வேண்டும் என்பதே அதில் நமக்குப் பாடம். இன்று நம்மவர் பலர் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் குடிபெயர்ந்துவிட்டனர். ஆயினும் 'களைப்புத்தானே' என்று சோகையைச் சுமக்கும் பழக்கம் போகவில்லை.

ஹீமோகுளோபின் ஆணுக்கு 13, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. அறுவையில் இரத்தம் சிந்தும். ஏற்கெனவே குறைந்தவர் அதைத் தாங்கமாட்டார். பிறர் இரத்தம் ஏற்ற நேரும். தேறி எழவும் நாளாகும். அந்த நாள்களின் கூலியை யார் தருவார்? நோயாளியின் சொந்த இரத்தத்தைப் பேணுங்கள் என்று 2010-இல் உலகச் சுகாதார மாநாடும் தீர்மானித்தது.

ஆகவே, அவசர அறுவை இல்லையென்றால், நாள் குறித்த உடனே இரத்தம் சோதிக்கக் கேளுங்கள். அதிக மாதவிலக்கா, மூலமா, குடற்புண்ணா என்று டாக்டர் காரணம் தேடட்டும். கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். தலசீமியா உள்ளவருக்கு இரும்புச்சத்து கெடுதலாகவும் முடியும். டாக்டர் தரும் இரும்பு மாத்திரை வேலை செய்யப் பல வாரங்கள் பிடிக்கும். அதைத் தேநீரோடு விழுங்கினால் சத்து உடம்பில் சரியாகச் சேராது; கொய்யா, எலுமிச்சை உதவும். நாள் குறைவாக இருந்தால் நரம்பு வழியாகவும் இரும்பு ஏற்றுவார்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். தடையாய் நிற்பது அன்றைய கூலி. செக்ரோலில் பேர் போடும் கிராணிமார்களாகிய நாம் இதை நன்கு அறிவோம். அறுவைக்கு முன் சோதனைக்குப் போகும் நாளுக்குக் கூலி வெட்டக்கூடாது! இதை ஒவ்வொரு கிளைக் கூட்டமும் கோரிக்கையாக எழுப்பட்டும். பால் வெட்டும் கைகளுக்கு இரத்தம் வேண்டும், தோழர்களே!